கதை சொல்ற சயின்ஸ் ஃபிக்ஷன் ஷூட்டர்: ஆளைப் பிடிச்சு உக்கார வெக்கறது எதுங்க?

#1 நொய்யல்கரை

ஏனுங்க, விண்வெளி, எந்திரம், எதிர்காலம்னு கதை சொல்லிட்டே சுட வெக்கற கேம்ல ஆளுங்களை இழுத்துப் பிடிக்கறது எதுங்க? துப்பாக்கி நல்லாச் சுடறதுதான்னா, கதையே இல்லாத ஆன்லைன் ஷூட்டர்ல அது எச்சாவே இருக்குது. கதைதான்னா, யாராச்சும் ஆடறதை யூடியூப்ல பாத்துட்டுப் போயிரலாம். ரெண்டும் சேர்றப்ப மட்டும் கிடைக்கற ஒண்ணு இருக்குது. அதைச் சரியாப் பிடிச்சுட்டா, கோயமுத்தூர், திருப்பூர்ப் பக்கம் கேம் பண்ணப் பழகற பசங்களுக்கு உதவும். எந்த கேமை வாங்கறதுன்னு முழிக்கறவங்களுக்கும் உதவும்.

என்னோட கணிப்பை மொதல்லயே வெச்சுடறனுங்க. கதை கைக்குள்ள நடக்கோணும். 2004-ல வந்த ஹாஃப்-லைஃப் 2 தொடக்கத்துல, ரயில் நிலையத்துல ஒரு காவல்காரன் காலி டப்பாவைத் தட்டி விட்டுட்டு, அதை எடுத்துக் குப்பைல போடச் சொல்றான். போட்டா சிரிச்சுட்டு வழி விடறான். அவன் மேலயே எறிஞ்சா தடியைத் தூக்கிட்டுத் துரத்தறான். பொருளை எடுக்கற பட்டனைச் சொல்லிக் குடுக்கற பாடமே அதுதான். இந்த ஊரை ஆள்றவங்க எப்படிப்பட்டவங்கன்னும் அதே டப்பாவுல தெரிஞ்சு போகுது. விளக்க வசனம் ஒரு வரி கிடையாது.

கதையை உடைக்கற சேதி எழுதறவங்க மொத வரியிலயே சொல்லிருங்க.

#2 கூடுதுறை

கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. எது இழுக்கிறது என்பது ஒன்று, இழுத்ததை எது அறுக்கிறது என்பது இன்னொன்று.

முதலாவதற்கு உளவியலில் பிடிமானம் இருக்கிறது. எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்த தன்முடிவுக் கோட்பாட்டை ரயன், ரிக்பி, பிரிசிபில்ஸ்கி மூவரும் 2006-ல் வீடியோ கேம்களுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். என்னால் முடிகிறது என்ற திறமை உணர்வு, நானாகத் தேர்ந்தேன் என்ற தன்விருப்பம், பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்ற உறவு, இந்த மூன்றும்தான் அடிப்படை. கூடவே, கட்டுப்பாடுகள் கைக்கு இயல்பாக வருகின்றனவா என்பதையும் பார்த்தார்கள். பட்டனைத் தேடிக்கொண்டிருக்கும் கைக்கு மற்ற மூன்றும் எட்டாது.

இதில் சயின்ஸ் ஃபிக்ஷனுக்கு மட்டும் ஒரு தனி வசதி உண்டு. போர் கேமில் துப்பாக்கி எப்படி வேலை செய்யும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. சயின்ஸ் ஃபிக்ஷனில் உலகத்தின் விதியையே மாற்றும் ஒரு கருவியைக் கையில் கொடுக்கலாம். டைட்டன்ஃபால் 2-ல் (2016) பாழடைந்த ஆய்வுக்கூடம் ஒன்று வருகிறது. மணிக்கட்டில் ஒரு கருவி. ஒரே பட்டன். அமுக்கினால் அதே கூடம் நன்றாக இயங்கிய பழைய காலத்துக்குப் போகிறோம், மறுபடி அமுக்கினால் திரும்புகிறோம். இந்தக் காலத்தில் தீ எரியும் வழி அந்தக் காலத்தில் திறந்திருக்கிறது. சுவரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே காலத்தை மாற்றி அடுத்த சுவரைப் பிடிக்க வேண்டும். இங்கே என்ன நடந்தது என்ற கதைக் கேள்விக்கும், எப்படி அந்தப் பக்கம் போவது என்ற கைக் கேள்விக்கும் விடை ஒரே பட்டனில் இருக்கிறது. அதனால்தான் ஆடியவர்கள் அந்த ஒரு லெவலை இன்னமும் பேசுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. 1996-ல் பார்ட்டில் சொன்ன நால்வகை ஆட்டக்காரர் பிரிவை இங்கே இழுக்க வேண்டாம். அது பலர் சேர்ந்து ஆடும் எழுத்து உலகங்களைப் பார்த்து வகுத்தது. தனியாக ஆடும் ஷூட்டரில் பழகுபவர், பிறரை வதைப்பவர் என்ற வகைகளுக்கு இடமே இல்லை.

#3 மருதமலை அடிவாரம்

கூடுதுறை சொன்னதுல எதிரியை விட்டுட்டாருங்க. ஷூட்டர்ல ஆடறவன் எச்சா நேரம் பாக்கற முகம் எதிரியோடது. கதை அங்க இல்லீன்னா வேற எங்கயும் ஒட்டாது.

ஹேலோ, 2001. எலைட்டுங்கற பெரிய எதிரியைச் சாய்ச்சா, சுத்தி நிக்கற கிரண்ட்டுங்கற குட்டி எதிரிக எல்லாம் கையைத் தூக்கிட்டு அலறி ஓடும். ஒரு சண்டை முடியறதுக்குள்ள அந்தப் படைல யாரு மேல, யாரு கீழன்னு புரிஞ்சு போகும். ஜாதி அடுக்கு மாதிரி ஒரு அடுக்கு, அதுல கீழ இருக்கறவன் பயத்துல நிக்கறான்னு ஆரும் வந்து சொல்லல. அடுத்த தாட்டி கை தானா எலைட்டைத் தேடும். கதையைப் புரிஞ்சுக்கிட்டதும் சண்டையைக் கத்துக்கிட்டதும் ஒண்ணாயிருது பாருங்க. பாதிக் கதை தாண்டுனதும் ஃப்ளட்டுங்கற வேற எதிரிக் கூட்டம் வருது. அதுக்கு ஒளியவும் தெரியாது, பயமும் கிடையாது. அதுவரைக்கும் கத்துக்கிட்ட தந்திரம் பாதி செல்லாம போகுது. "இது வேற மாதிரி ஆபத்து"ன்னு கையே சொல்லிரும்.

பண்றவங்களுக்கு ஒரு சேதி. அந்த கேமைச் செஞ்சவங்க 2002-ல ஒரு மாநாட்டுல சொன்னது: எதிரியோட மூளையைத் தொடாம, அடி தாங்கற அளவை மட்டும் ஏத்துனப்ப, ஆடிப் பாத்தவங்க எதிரியைப் புத்திசாலின்னு சொன்னாங்களாம். காரணம் சுலபமுங்க. ஒரு குண்டுல சாகறவனுக்குத் தன்னோட புத்தியைக் காட்டறதுக்கு நேரமே இல்லை. ஒளியறது, கூட்டாளியைக் கூப்படறது, குண்டு வீசறது, இந்த மூணையும் ஆடறவன் கண்ணால பாக்கற அளவுக்காச்சும் எதிரி உசுரோட இருக்கோணும். ரொம்ப ஏத்திட்டா அவன் வெறும் பஞ்சு மூட்டை. சுட்டுட்டே இருக்கற கைக்கு அலுத்துரும்.

#4 பல்லடம் ரோடு

கதையே வேண்டாம்னு ஒரு பெரிய கூட்டம் இருக்குதுங்க, அவங்களை மறந்துராதீங்க. 2016 டூம்ல தொடக்கத்துலயே ஒருத்தர் திரைல வந்து விளக்கம் குடுக்கறாரு. நம்ம ஆளு அந்தத் திரையைப் பிடிச்சுத் தள்ளிடறான். மீதிக் கதை மெனுல படிக்கறவங்களுக்கு மட்டும்.

#5 நொய்யல்கரை

பல்லடம் தம்பி, திரையைத் தள்ற கைதான் அங்க கதையே. அவன் ஆருன்னு அந்த ஒரு தள்ளுல தெரியுதில்ல? அந்தக் கூட்டம் வேண்டாங்கறது விளக்கத்தைத்தான். படிக்கறதை மெனுக்குள்ள வெச்சது சரி, கேமுக்கு வெளிய வெச்சாத்தான் வம்பு. 2014-ல வந்த மொத டெஸ்டினில உலகத்தோட வரலாறு பூராவும் கிரிமோயர் அட்டைகள்ல இருந்துச்சு. அதைப் படிக்க இணையதளத்துக்கோ ஆப்புக்கோ போகோணும். அருமையான எழுத்து, ஆனா துப்பாக்கி பிடிச்ச கை அங்க போகாது.

#6 சென்னிமலை தறி

பயோஷாக் கதை கொஞ்சம் உடையுமுங்க.

தறிக்காரன் பாஷைல சொன்னா கதை பாவு, சண்டை ஊடை. பாவு இழை அறுந்தா தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுட்டுத்தான் மறுக்கா ஓட்டோணும். கேம்ல அந்த அறுப்பு எங்க விழுதுன்னு கணக்கு போட்டே காட்டலாம்.

2007 பயோஷாக்ல சின்னப் பொண்ணுங்களைக் காப்பாத்தலாம், இல்லீன்னா அவங்க கிட்ட இருக்கற ஆடம்ங்கற சக்திப் பொருளை உறிஞ்சிக்கலாம். உறிஞ்சுனா ஒருத்திக்கு 160. காப்பாத்துனா 80. மூணு பேரைக் காப்பாத்துனா பரிசா 200. ஆக மூணு பேருக்கு 480-க்கு 440. மொத்தம் 21 பேருக்கு 3,360-க்கு 3,080. வித்தியாசம் 280தான். பரிசுப் பொட்டில வேற எங்கயும் வாங்க முடியாத சக்தியும் வருது. காப்பாத்தறவனுக்கு நட்டமே இல்லீங்க. மனசைப் பிசையற மாதிரி ஒரு தேர்வைக் குடுத்துட்டு, கணக்குல அதைச் சமமாக்கிட்டாங்க. மொத தாட்டி ஆடறப்ப கை நடுங்கும். கணக்கு தெரிஞ்ச பொறவு நடுங்காது.

அதே வருசம் கிளிண்ட் ஹாக்கிங்னு கேம் செய்யறவரு ஒருத்தரு இதைத்தான் விமர்சிச்சாரு. ஆட்டத்தோட விதி ஒண்ணு சொல்லுது, கதை இன்னொண்ணு சொல்லுது, ரெண்டுக்கும் பொருந்தலைன்னாரு. பொண்ணுங்க விஷயத்துல சுயநலமா இருக்கலாமான்னு ஆட்டம் கேக்குது. ஆனா கதை நம்மளைக் கேக்காமயே இன்னொருத்தனுக்கு உதவி பண்ண வெக்குது. மறுக்கறதுக்கு வழியே இல்லை. பின்னால வர்ற திருப்பம் அந்த வழியில்லாத்தனத்தையே கதையாக்குதுங்கறது என்னோட வாதம். ஆனா அதுக்கு முன்னாடியே விட்டுட்டுப் போனவனுக்கு அது போய்ச் சேராது.

மெட்ரோ 2033 (2010) இதைச் சரியாப் பிடிச்சுது. நல்ல ரகத் தோட்டாதான் அங்க காசு. அதைத் துப்பாக்கில போட்டுச் சுட்டா எச்சா அடி விழும், ஆனா ஒவ்வொரு குண்டும் கைக்காசு. ஒரு கடைத்தெரு வசனமும் இல்லாம, பஞ்சம்னா என்னன்னு விரல் கத்துக்குது. முகமூடிக்கு வடிகட்டி தீர்ந்துட்டே இருக்கும், கைல இருக்கற கடிகாரத்தைப் பாத்துட்டே நடக்கோணும். டார்ச்சுக்கு அப்பப்ப கையால சார்ஜ் ஏத்தோணும். அந்த உலகத்தோட மூச்சுத் திணறல் ஆடறவனுக்கும் வரும்.

#7 பல்லடம் ரோடு

தறிக்காரண்ணா, பயோஷாக்ல இன்னொரு அறுப்பும் இருக்குதுங்ணா. செத்தா பக்கத்துல இருக்கற வீட்டா-சேம்பர்ல எழுந்திரிச்சுடலாம். எதிரிக்கு நாம குடுத்த அடி அப்படியே இருக்கும். அந்தச் சின்னப் பொண்ணுங்களுக்குக் காவலா வர்ற பிக் டாடிய வெறும் ஸ்பானரால அடிச்சு அடிச்சே முடிச்சுடலாம். அதோட மூச்சுச் சத்தத்தைக் கேட்டாலே வர்ற பயம் மூணாவது சாவுக்கு அப்பறம் இல்லை. பின்னால பேட்ச்ல அதை நிறுத்தி வெக்கற வசதி குடுத்தாங்க. ரெண்டாந் தாட்டி ஆடறவங்க நிறுத்திட்டு ஆடுங்க, வேற கேம் மாதிரி இருக்கும்.

#8 மேட்டுப்பாளையம் மலைரயில்

சாவுக்கு விலை இருக்கோணும், ஆனா அந்த விலை நேரமா இருக்கக் கூடாது. திருப்பி அஞ்சு நிமிசம் நடக்கறது, அதே வசனத்தை மறுக்கா கேக்கறது, இதெல்லாம் தண்டனைங்க. ஒரே எடத்துல நாலஞ்சு தாட்டி செத்தா கதை நின்னு போச்சுன்னு அர்த்தம். அப்ப கஷ்ட அளவை ஒரு படி எறக்கறதுல வெக்கமே வேண்டாம். சண்டை முடிஞ்சதும் மறுக்கா ஏத்திக்கலாம். ஹாஃப்-லைஃப் 2-ல நடுவுலயே மாத்த முடியும்.

செத்தா திரும்பத் தொடங்கற எடத்தை, அதாவது செக்பாயின்ட்டை வெக்கறப்ப, வசனம் முடிஞ்சதுக்கு அப்பறம், சண்டை தொடங்கறதுக்கு முன்னாடி வெய்ங்க. ரொம்ப கேம் இதைத் திருப்பிப் போட்டே கெடுத்துருக்குது.

நம்மூருக்குன்னு ஒண்ணு. பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தற நாளு முன்கூட்டியே தெரிஞ்சுரும், ஆனா மழைக்காத்துல போறது சொல்லிட்டு வராது. ஹாஃப்-லைஃப் 2 மாதிரி எஃப்6 அமுக்குனா சேவ், எஃப்9 அமுக்குனா லோடுன்னு இருக்கறதுல கவலை கம்மி. தானா சேவ் ஆகற கேம்ல, எழுதிட்டு இருக்கறப்பக் கரண்ட் போனா ஃபைலே கெட்டுப் போகலாம். பண்றவங்க பழைய சேவ் மேல நேரா எழுதாதீங்க. தற்காலிக ஃபைல்ல முழுசா எழுதி, சரியா வந்துச்சான்னு பாத்து, அப்பறம் பேரை மாத்துங்க. இதுக்கு முந்தின சேவையும் ஒண்ணு வெச்சிருங்க. எட்டு மணி நேரம் ஆடுனது போயிருச்சுன்னா அவன் அந்தக் கதைக்குத் திரும்ப மாட்டான்.

வீட்டு இன்வர்ட்டர்ல பிசி ஓட்டறவங்க பின்பக்கம் இருக்கற ஸ்விட்சை யூபிஎஸ் மோடுக்கு மாத்தி வெய்ங்க. சாதா மோடுல மாறறதுக்கு எடுத்துக்கற நேரம் எச்சு, அதுக்குள்ள பிசி அணைஞ்சு எழுந்திரிக்கும்.

#9 சிவன்மலை

எல்லாரும் கையைப் பத்தியே பேசறீங்க. காதைப் பத்தி நான் சொல்றேன். நம்ம பக்கம் தமிழ் மீடியம் படிச்ச பிள்ளைகளுக்குக் கதை போய்ச் சேராத காரணம் கதை மோசம்ங்கறது இல்லைங்க. சுட்டுட்டு இருக்கறப்ப ரேடியோல வேகமான அமெரிக்க உச்சரிப்புல வசனம் ஓடுது. கண்ணு எதிரி மேல, காதுல வெடிச் சத்தம். மூணுல ஒரு வரி விழுந்தா பெரிய விஷயம். ஆங்கிலம் நல்லாத் தெரிஞ்சவங்களுக்கும் பாதிதான் விழும். அவங்க அதைக் கதைல ஓட்டைன்னு நினைப்பாங்க, நம்ம பிள்ளைக தங்கிட்ட ஓட்டைன்னு நினைச்சுக்குவாங்க. அதுதான் எனக்கு மனசு கேக்கறதில்ல.

ஆடறவங்க செய்ய வேண்டியது: சப்டைட்டிலை மொதல்லயே போடுங்க, எழுத்தைப் பெரிசாக்குங்க, பின்னால கறுப்புப் பட்டை இருக்கற மாதிரி வெய்ங்க, பேசறவங்க பேரு வர்ற வசதி இருந்தா போடுங்க. ஹாஃப்-லைஃப் 2-ல சப்டைட்டில் வேற, கேப்ஷன் வேற. கேப்ஷன் போட்டாச் சத்தத்தையும் எழுத்துல காட்டும். இசையைப் பாதிக்கு எறக்குங்க, வசனத்தை முழுசா வெய்ங்க. பயோஷாக் மாதிரி குரல் பதிவு கிடைக்கற கேம்ல, கிடைச்ச உடனே கேட்டுட்டே ஓடாதீங்க. மெனுல போய் எழுத்தாவே படிக்கலாம்.

பண்றவங்களுக்கு இன்னும் முக்கியம். தமிழ் சப்டைட்டில் போடப் போறீங்கன்னா மொதல்ல கேமைச் செய்யற மென்பொருளை, அதாவது கோடோ, அன்ரியல், யூனிட்டி மாதிரி எஞ்சினைப் பாருங்க. தமிழ்ல 'கொ'ன்னு எழுதுனா கொம்பு முன்னால, கால் பின்னால வரோணும். எழுத்தை வடிவமைக்கற பகுதி எஞ்சின்ல இல்லீன்னா கொம்பு தனியாத் தொங்கும். கோடோ 4-ல இது சரியா வருது, 3-ல வராது. அன்ரியல்ல வருது. யூனிட்டியோட டெக்ஸ்ட்மெஷ் புரோல சும்மா போட்டா உடையும், தனி வேலை பண்ணோணும். அப்பறம் தமிழ் எழுத்து கீழயும் மேலயும் எடம் கேக்கும். ஆங்கிலத்துக்கு வெச்ச வரி இடைவெளில 'ஞ்சூ' மாதிரி எழுத்து வெட்டுப்படும். ரெண்டு வரிக்கு மேல ஒரு தாட்டி காட்டாதீங்க. தமிழ் வார்த்தை நீளம், கண்ணு நிதானமாத்தான் போகும்.

#10 மருதமலை அடிவாரம்

சிவன்மலை அக்கா சொன்னதைப் பிரிண்ட் எடுத்து ஒட்டி வெக்கோணும். மொழியே தேவைப்படாத கதைக்கு ஒரு உதாரணம் சேத்துக்கறேன். டெட் ஸ்பேஸ், 2008. உசுரு எவ்வளவு மிச்சங்கறது ஆளோட முதுகெலும்புல ஒளிக்கோடா இருக்குது. குண்டு எத்தனைங்கறது துப்பாக்கி மேலயே மிதக்குது. பையைத் திறந்தா கேம் நிக்காது, காத்துல படமா விரியும், பின்னால ஆராச்சும் வந்துட்டு இருப்பாங்க. அவன் பட்டாளத்துக்காரன் இல்லை, எஞ்சினியர். மொத ஆயுதமே சுரங்கத்துல தாது வெட்டற கருவி. தலைல சுட்டுப் புண்ணியமில்ல, கை காலை வெட்டோணும். வெட்டற கருவியைப் பிடிக்கறப்பவே அவன் பொழப்பு என்னன்னு தெரிஞ்சுருது.

#11 மேட்டுப்பாளையம் மலைரயில்

ஆட்டத்தை விட்டு நெறைய பேரு ஓடறதுக்குக் காரணம் கதையே இல்லீங்க, தலைசுத்தல். இதையும் சொல்லிடறேன், சுருக்கமா. மானிட்டர்ல ரெண்டடி தூரத்துல உக்காந்தா எஃப்ஓவி, அதாவது திரைல தெரியற பார்வைக் கோணம், 90-ல இருந்து 100 டிகிரி. டிவில ஏழெட்டடி தள்ளி உக்காந்தா 70, 75 போதும். திரும்பறப்பப் படம் மங்கற மோஷன் பிளர், நடக்கறப்ப தலை ஆடற எஃபெக்ட் ரெண்டையும் நிறுத்துங்க. மவுஸ்ல ஆக்சிலரேஷன் நிறுத்தி, ஒரு முழுச் சுத்துக்கு 30-ல இருந்து 40 சென்டிமீட்டர் வர்ற மாதிரி வெச்சாக் குறி நிலைக்கும். நொடிக்கு 30 ஃபிரேம்ல ஒரு படத்துக்கு 33 மில்லிசெகண்ட், 60-ல 17. பழைய கிராபிக்ஸ் கார்டுன்னா நிழலையும் ரெசொல்யூஷனையும் எறக்கியாச்சும் 60-ஐப் பிடிங்க. கைக்கும் திரைக்கும் நடுவுல தாமதம் இருந்தா "நான் பண்றேன்"ங்கற உணர்வே வராது.

#12 ஓயாமாரி

உறவைப் பத்தி ஆரும் பேசலியே. கூடுதுறை சொன்ன மூணாவது. மாஸ் எஃபெக்ட் 2 முடிவு உடையுமுங்க.

2010-ல வந்த அந்த கேம்ல கடைசித் தாக்குதல்ல கூட வர்ற ஆளுங்க நெசமாவே சாவாங்க, மூணாம் பாகத்துலயும் வர மாட்டாங்க. ஆரு பொழைக்கறாங்கங்கறது நாம செஞ்சு வெச்ச வேலைல இருக்குது. கப்பலுக்குக் கவசம், ஷீல்டு, பீரங்கி மூணையும் மேம்படுத்தலீன்னா, விட்ட ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆளு போகும். ஒவ்வொருத்தருக்கும் தனியா இருக்கற விசுவாசப் பயணத்தை முடிச்சிருக்கோணும். குழாய்க்குள்ள டாலி, லீஜியன் மாதிரி தொழில்நுட்பம் தெரிஞ்ச ஆளை அனுப்போணும், ரெண்டாம் படைக்கு கேரஸ், மிராண்டா மாதிரி தலைமை தாங்கத் தெரிஞ்ச ஆளைப் போடோணும். கப்பல் மாலுமிகளை எதிரிங்க பிடிச்சுட்டுப் போன பொறவு வேற பயணத்துக்குப் போயிட்டே இருந்தா, மீட்கப் போறப்ப அவங்க இருக்க மாட்டாங்க. நம்ம ஆளுக ரெண்டு பேராச்சும் மிஞ்சலீன்னா நாம ஆடற நாயகன் ஷெப்பர்டே தப்பிக்க மாட்டாரு.

20, 30 மணி நேரம் பேசிப் பழகுனது கடைசி ஒரு மணி நேரத்துல உசுரா மாறுது. பேசறதும் ஆட்டம்தான்னு நிரூபிச்சாங்க. 2012-ல மூணாம் பாகத்து முடிவுக்கு ஆடறவங்க அவ்வளவு கொதிச்சதும் இதனாலதான். செஞ்ச தேர்வெல்லாம் எண்ணிப் பாத்துட்டு இருந்தவனுக்குக் கடைசில மூணு வாசலைக் காட்டுனா எப்படி ஒத்துக்குவான்? அந்த வருசம் ஜூன்ல முடிவை நீட்டி இலவசமாக் குடுத்தும் பாதிப் பேருக்கு ஆறல.

டைட்டன்ஃபால் 2-ல பிடி-ங்கற எந்திரம் கிட்டப் பேசறதுக்கு ரெண்டு ரெண்டு பதில் வரும். எதைத் தேர்ந்தாலும் கதை மாறாது. ஆனாலும் ஒட்டுது, ஏன்? அது நம்மளைத் தூக்கி அக்கட்டால எறிஞ்சு பிடிக்குது, வயித்துக்குள்ள வெச்சுக் காக்குது. நம்பிக்கை பேச்சுல வரல, எறியறப்ப வயிறு கலங்குதே, அதுல வருது.

#13 படுகளத்து உடுக்கை

ஓயாமாரி சொன்னதுக்கு நம்ம மண்ணுல ஒரு பழைய முன்மாதிரி இருக்குது. அண்ணமார் சாமி கதை. உடுக்கை அடிச்சுப் பல ராத்திரிக்கு நடக்கும். பொன்னரும் சங்கரும் கடைசில என்ன ஆவாங்கன்னு உக்காந்திருக்கற அத்தனை பேருக்கும் தெரியும். தெரிஞ்சும் வர்றாங்க. படுகளத்து அன்னைக்கு வீரருங்களா விழறவங்க பாத்துட்டு இருந்தவங்கதான். அருள் வந்து விழுவாங்க, தங்காள் தண்ணி தெளிச்சு எழுப்பற கட்டம் வரைக்கும் களத்துலயே கிடப்பாங்க. கதையைக் கேட்டவன் கதைக்குள்ள உடம்போட போயிடறான். முடிவு தெரிஞ்சா சுவை போயிரும்ங்கறது அங்க செல்லாது.

சாமி காரியத்தையும் கேமையும் ஒரே தட்டுல வெக்கலீங்க. உடம்பு பங்கெடுத்தா கதையோட எடை மாறும்ங்கறதுக்குத்தான் சொன்னேன். ஹாஃப்-லைஃப் 2 கடைசிலயும் அதுதான் நடக்குது. அதுவரைக்கும் சேத்த ஆயுதத்தை எல்லாம் ஒரு ஒளி பிடுங்கி எரிச்சுப் போடுது. பொருளை இழுத்து எறியற கிராவிட்டி கன் ஒண்ணு மட்டும் நீலமா மாறி, ஆளையே தூக்கி எறியற பலத்தோட நிக்குது. ரெண்டாந் தாட்டி ஆடறவனுக்கும் அந்த எடத்துல உள்ளங்கை சூடாகும்.

#14 ஓயாமாரி

சரிதானுங்க. ஆனா ஹாஃப்-லைஃப் 2-ஐ ரொம்பத் தூக்கி வெக்காதீங்க. ஆட விடாம பாக்க மட்டும் வெக்கற கட்சீன் இல்லைன்னு பெருமையாச் சொல்லிட்டு, ஆய்வகத்துல கதவை அடைச்சுட்டுச் சுத்தி நின்னு பேசறாங்க. நாம மேசை மேல ஏறிக் குதிச்சுட்டு இருப்போம். அதுக்கு ஒரு நிமிசக் கட்சீன் மேல். தாண்டற வசதி இருந்தாப் போதும்.

#15 சென்னிமலை தறி

நொய்யல்கரை சொன்ன, கேம் பண்ணப் பழகற பசங்களுக்கு ஒரு வழியை எழுதறேன். மூணு பேரு, ஆறு மாசம், இருபது நிமிச லெவல்னு வெச்சுக்கங்க.

மொதல்ல ஒரே ஒரு கருவி. உலகத்தோட விதியை மாத்தற மாதிரி. அதை ஒரு பட்டனுக்குள்ள அடக்குங்க. ரெண்டு பட்டன் தேவைப்பட்டா கருவி இன்னும் பழுக்கலைன்னு அர்த்தம்.

அந்தக் கருவியை மூணு படில குடுங்க. ஆபத்து இல்லாத எடத்துல ஒருக்கா, லேசான ஆபத்துல ஒருக்கா, வேற ஒண்ணோட சேர்ற மாதிரி ஒருக்கா. ஹாஃப்-லைஃப் 2-ல வர்ற ராவன்ஹோம்ங்கற ஊரு வாசல்ல என்ன பண்ணுனாங்கன்னு பாருங்க: ரம்பத் தகடு குத்தி, ரெண்டாக் கிடக்கற ஒரு பொணம். தகட்டை உருவுனதும் எதிர்க்க ஒண்ணு வருது. கைல தகடு, முன்னால எதிரி. சொல்லிக் குடுக்கறதுக்கு ஆளு வேணுமா? அதுக்கு முன்னாடியே டாக்-ங்கற எந்திரத்தோட பந்து பிடிச்சு விளையாட வெச்சு விரலைப் பழக்கிருக்காங்க.

எடத்தைப் பொருத்தவரை, இட்டேரி மாதிரி ரெண்டு பக்கமும் வேலி இருக்கற வழியா இருந்தாத் தப்பில்ல. வளைஞ்சு வளைஞ்சு போனா வேலி உறுத்தாது. நேரா நீண்டு முடிவு தெரிஞ்சாத்தான் அடைச்சு வெச்ச மாதிரி இருக்கும். சண்டைக் களத்துக்குள்ள நுழையறப்ப கொஞ்சம் உசரத்துல நிறுத்துங்க. ஆடறவன் கீழ பாத்து, எங்க ஒளியலாம், எந்தப் பக்கம் சுத்தி வரலாம்னு ரோசனை பண்ற அந்த ரெண்டு மூணு நொடிதான் தன்விருப்பம். உள்ள போறதுக்கு ரெண்டு வழி வெய்ங்க. மூணு நாலு வெச்சா வேலை பெருகும், பலன் பெருகாது.

சுவரு, தூண் எல்லாம் வெறும் சாம்பல் நிறப் பெட்டியா வெச்சு ஆடிப் பாருங்க. சாம்பல் பெட்டில நல்லா இல்லாத சண்டை, படம் ஒட்டுன பொறவும் நல்லா இருக்காது.

வசனத்துக்கு மடை திருப்பற கணக்கு. சண்டைப் பாத்திக்குத் தண்ணி போறப்பக் கதைப் பாத்தியை அடைச்சு வெய்ங்க. சண்டை நடுவுல ஏழெட்டு வார்த்தைக்கு மேல பேச வெக்காதீங்க, அதுவும் இப்ப உதவற சேதியா இருக்கோணும். கதையை லிஃப்ட், நீண்ட படிக்கட்டு, மேல ஏறற ஏணி, இந்த மாதிரிக் கை சும்மா இருக்கற எடத்துல விடுங்க. வசனம் ஓடறப்ப ஆடறவன் அடுத்த சண்டையைத் தொடங்கிட்டா, வசனத்தை வெட்டிட்டு, சண்டை முடிஞ்சதும் "நான் என்ன சொல்லிட்டு இருந்தேன்"னு ஒரு ஒட்டு வரியோட தொடர வெய்ங்க. கூட வர்ற ஆளு ஒரே வரியைத் திருப்பித் திருப்பிச் சொன்னாப் பொறுமை போயிரும். ஒவ்வொரு நிலைமைக்கும் ஆறு வரியாச்சும் எழுதி, சொன்ன வரியை அந்த லெவல் முடியற வரைக்கும் மறுக்கா வராம பூட்டுங்க. புதிரை ஆடறவன் பாத்து அரை நிமிசம் ஆகாம குறிப்புச் சொல்ல வெக்காதீங்க. அவன் கண்டுபிடிக்கற சந்தோசத்தைப் பிடுங்கிட்டா அவனுக்கு அங்க வேலையில்ல.

தேர்வு வெக்கறதா இருந்தா நட்டக் கணக்கு நெசமா இருக்கோணும். முடியலீன்னா தேர்வே வெக்காதீங்க.

#16 கூடுதுறை

தறிக்காரர் எழுதியதில் ஒன்றை மட்டும் திருத்துவேன். அரை நிமிடம் என்று கடிகாரத்தை வைக்காதீர்கள். ஆடுபவர் அசையாமல் நின்று நாலு பக்கமும் திரும்பிப் பார்க்கிறாரா, அல்லது ஏதாவது ஒன்றைச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று கணக்கிடுங்கள். செய்து பார்ப்பவருக்கு இரண்டு நிமிடம் ஆனாலும் குறிப்பு வேண்டாம். நின்று தவிப்பவருக்குப் பத்து நொடியில் கொடுக்கலாம். நின்ற இடம், திரும்பிய கோணம், கடைசியாக அமுக்கிய பட்டன், இந்த மூன்றையும் ஒரு ஃபைலில் பதிந்தாலே போதும்.

#17 நொய்யல்கரை

கூடுதுறை சொன்னதுதான் சோதிக்கற வழியும். அஞ்சு பேரை உக்கார வெச்சு, ஒரு வார்த்தை பேசாம பின்னால நிக்கோணும். எங்க நின்னாங்க, எங்க திரும்பி நம்ம மூஞ்சியப் பாத்தாங்க, அதை மட்டும் குறிச்சுக்கோணும். ஆடி முடிச்சதும் "நல்லா இருந்துச்சா"ன்னு கேக்கக் கூடாது, "என்ன நடந்துச்சு, சொல்லுங்க"ன்னு கேக்கோணும். அவங்க "நான் கதவை உடைச்சேன், அப்பறம் அவனைக் காப்பாத்துனேன்"னு தன்னைச் சேத்துச் சொன்னாக் கதை கைக்குள்ள போயிருக்குது. "அவன் கதவை உடைச்சான்"னு சொன்னா எந்த எடத்துல வெளிய வந்தாங்கன்னு தேடோணும். அஞ்சுல ரெண்டு பேராச்சும் தமிழ் மீடியம் படிச்சவங்களா இருக்கட்டும். ஆங்கில வசனத்தோட ஒருத்தர், தமிழ் சப்டைட்டிலோட ஒருத்தர்.

சிவன்மலை அக்கா, அந்தத் தமிழ் வரிகளை யாராச்சும் பாத்துக் குடுத்தாத் தேவலைங்க.

#18 சிவன்மலை

லெவலோட வசனத்தை ஆங்கிலத்துல எழுதிட்டு அனுப்பாதீங்க, தமிழ்லயே எழுதி அனுப்புங்க தம்பி. யாரு பேசறாங்க, அப்ப ஆடறவங்க கை என்ன பண்ணிட்டு இருக்கும், ரெண்டையும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல குறிச்சிருங்க. கை சும்மா இல்லாத எடத்துல நீளமான வரி இருந்தா அதைத் திருப்பி அனுப்பிருவேன்.